மலையேறும் காரும் ஆக்டேன் எண்ணும்

பெட்ரோல் இன்ஜினுக்குள் எரிபொருள் ஒரே நொடியில் மொத்தமாக வெடிப்பதில்லை. ஸ்பார்க் பிளக்கின் நுனியில் பற்றும் தீ, சிலிண்டர் முழுவதும் படிப்படியாகப் பரவ வேண்டும். அந்தத் தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றி வெடித்துவிட்டால், இன்ஜினிலிருந்து கடகடவென்று ஓர் உலோகச் சத்தம் எழும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பழைய கார்களில் இது தெளிவாகவே கேட்கும்.

நாக்கிங் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்கள் பல. அவற்றில் இரண்டு வண்டியின் அமைப்புக்கு வெளியே இருப்பவை. ஒன்று, டேங்கில் உள்ள பெட்ரோலின் ஆக்டேன் எண். மற்றது, கடல் மட்டத்திலிருந்து வண்டி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பது. இந்த இரண்டுக்கும் உள்ள உறவு பலருக்கும் தலைகீழாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. மலைப்பயணத்துக்குப் புறப்படும்போது விலை கூடிய பெட்ரோல் போட்டால் வண்டி நன்றாக ஏறும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆனால் உயரம் கூடக்கூட இன்ஜின் கேட்கும் ஆக்டேன் குறைகிறது. அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடரை ஒட்டிய கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில், நாட்டின் மற்ற இடங்களில் விற்பதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் சாதாரணப் பெட்ரோலாக விற்கப்படுவதற்கு அடிப்படை இதுதான். அந்த வழக்கம் இன்றைய கார்களுக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண, சிலிண்டருக்குள் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து சிலிண்டருக்குள் நிரம்புகின்றன. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தக் கலவை பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள், சில இன்ஜின்களில் அதற்கும் குறைந்த இடத்துக்குள், நெருக்கப்படுகிறது. நெருக்கப்படும் வாயு சூடாகும். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடுகிறது. தீ பரவ நேரம் தேவைப்படுவதால் இந்த முன்னேற்பாடு. மூவாயிரம் ஆர்பிஎம் வேகத்தில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 20 மில்லி நொடிதான் ஆகும். எரிதல் ஏறத்தாழ 50 டிகிரி சுழற்சிக்குள் முடிகிறது என்று கொண்டால், அதற்குக் கிடைப்பது மூன்று மில்லி நொடிக்கும் குறைவு.

அந்த மூன்று மில்லி நொடிக்குள் ஒரு பந்தயம் நடக்கிறது. தீயின் முகப்பு பிளக்கிலிருந்து சுவரை நோக்கி நகர்கிறது. எரிந்த வாயு விரிவதால் இன்னும் எரியாத கலவை ஓரங்களில் மேலும் நசுங்குகிறது. அதன் அழுத்தமும் வெப்பமும் கணத்துக்குக் கணம் ஏறுகின்றன. அந்த வெப்பத்தில் பெட்ரோல் மூலக்கூறுகள் உடைந்து, தானாகத் தீப்பற்றுவதற்கான வேதிவினைகள் உள்ளுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. வினைகள் முற்றுவதற்கு முன் தீ வந்து சேர்ந்துவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். தீ வர ஒரு மில்லி நொடியின் சிறு பகுதி தாமதமானாலும் மிச்சக் கலவை மொத்தமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். அழுத்தம் ஒரு மூலையில் மட்டும் திடீரென எகிறும். அந்த அலை சிலிண்டரின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் பாய்ந்து, மோதித் திரும்பி, மறுபடியும் பாயும். சாதாரணக் கார் சிலிண்டரின் விட்டத்துக்கு இந்த அதிர்வு நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் தடவை நிகழ்கிறது. காதில் விழும் அந்தக் கூரிய சத்தம் இந்த அதிர்வுதான். வால்வு, பேரிங் முதலிய பாகங்கள் தேய்ந்து ஆடுவதால் வரும் சத்தம் வேறு.

சத்தத்தைவிட வெப்பமே பெரிய கெடுதல். பிஸ்டனின் மேற்பரப்பையும் சிலிண்டர் சுவரையும் ஒட்டி, நகராத வாயுவின் மெல்லிய படலம் ஒன்று எப்போதும் இருக்கும். எரியும் வாயுவின் கடும் வெப்பம் உலோகத்தை நேரடியாகத் தாக்காமல் தடுப்பது அதுதான். நாக்கிங்கின் அலைகள் அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகின்றன. பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரியும் வாயு அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் சூடானது. நாக்கிங் நீடித்தால் பிஸ்டன் விளிம்பில் மணல் அரித்தது போன்ற குழிகள் விழும். ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு உடையும். ஹெட் கேஸ்கெட் போகும். மேட்டில் எப்போதாவது கேட்கும் லேசான சத்தத்தால் உடனடியாக எதுவும் ஆகிவிடாது. முழுச் சுமையுடன் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடும்போது, காற்றின் இரைச்சலில் காதுக்கு எட்டாமலே தொடரும் நாக்கிங்தான் இன்ஜினைக் கொல்வது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். மிச்சக் கலவையின் அழுத்தத்தைக் கூட்டுவது எதுவானாலும், வெப்பத்தைக் கூட்டுவது எதுவானாலும், அது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது எதுவானாலும் நாக்கிங்கை வரவழைக்கும். இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் அதிகமாக இருப்பது, கோடை வெயில், பிஸ்டன் தலையில் படிந்த கரி, தீப்பொறியை மிகவும் முன்தள்ளி வைப்பது ஆகிய எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் வழியாகவே வேலை செய்கின்றன. டாப் கியரிலேயே முக்கி முக்கி மேடேறும்போது நாக்கிங் வருவதற்கும் காரணம் இதுவே. இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தப்பட்டிருக்கிறது. அழுத்தமும் அதிகம், மிச்சக் கலவைக்குக் கிடைக்கும் நேரமும் அதிகம். ஒரு கியர் குறைத்ததும் சுழற்சி வேகம் கூடி, நேரம் சுருங்கி, சத்தம் அடங்கிவிடும்.

நாக்கிங்கின் காரணம் எரிபொருளில் இருக்கிறது என்பதை உலகம் ஏற்கவே சில ஆண்டுகள் பிடித்தன. 1910-களில் அமெரிக்கக் கார்களில் இந்தத் தொல்லை பெருகியபோது, பழி சார்ல்ஸ் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் செய்த பேட்டரி இக்னிஷன் மீது விழுந்தது. ஒஹையோ மாநிலம் டேட்டனில் இருந்த கெட்டரிங், தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் இதை ஆராயும் பொறுப்பைக் கொடுத்தார். எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் அது வெப்பத்தை வேறு விதமாக உறிஞ்சும் என்று இருவரும் ஊகித்தனர். கைக்குச் சாயம் கிடைக்காததால் மிட்ஜ்லி அயோடினைக் கலந்தார். சத்தம் குறைந்தது. பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நிறம் பற்றிய ஊகம் தவறு. ஆனால் துளியளவு வேறொரு பொருள் சேர்ந்தாலே எரிபொருளின் நடத்தை மாறும் என்பது உறுதியாயிற்று. பல ஆண்டுத் தேடலுக்குப் பின் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் சிக்கியது. 1923 பிப்ரவரியில் டேட்டனில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் ஈய நஞ்சேறி இறந்தனர். அப்படியும் அது நிறுத்தப்படவில்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல்தான் விற்பனையை நிறுத்தியது. நாக்கிங்கைத் தடுக்கும் எளிய வழி என்று தொடங்கியது, மூன்று தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொழில்நுட்பம் செய்த மிகப் பெரிய தீங்குகளில் ஒன்று இது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ வேறொரு கோணத்தில் வேலை செய்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்த ஓர் இன்ஜினை அவர் உருவாக்கி, ஒவ்வோர் எரிபொருளும் எந்த அளவு நெருக்குதலைத் தாங்கும் என்று வரிசைப்படுத்தினார். இன்றுவரை பயன்படும் அளவுகோல் அமெரிக்காவில் 1926-இல் பிறந்தது. எத்தில் கார்ப்பரேஷனில் பணிபுரிந்த வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இரண்டு தூய திரவங்களை இரு முனைகளாக வைத்தார். ஹெப்டேன் மிக எளிதாக நாக்கிங் தரும். அதற்கு எண் 0. ஐசோ-ஆக்டேன் வெகுவாகத் தாங்கும். அதற்கு எண் 100. தூய ஹெப்டேன் அப்போது ஜெஃப்ரி பைன் என்ற கலிபோர்னிய மரத்தின் பிசினிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை நடந்துகொள்வது போலவே நடந்துகொண்டால் அதன் ஆக்டேன் எண் 91. அந்தப் பெட்ரோலில் அவ்வளவு ஐசோ-ஆக்டேன் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை.

இந்தச் சோதனைக்கென்றே ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்று 1920-களின் இறுதியில் வடிவமைக்கப்பட்டது. சிஎஃப்ஆர் இன்ஜின் எனப்படும் அதுவே, சில மாற்றங்களோடு, இன்றும் சுத்திகரிப்பு ஆலைகளின் ஆய்வகங்களில் ஓடுகிறது. சிலிண்டரையே மேலும் கீழும் நகர்த்திக் கம்ப்ரஷனை மாற்றுவார்கள். 600 ஆர்பிஎம்மில், காற்றை மிதமாகச் சூடாக்கி ஓட்டிப் பெறும் எண் ஆர்ஓஎன். 900 ஆர்பிஎம்மில், கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்கிக் கடுமையாக ஓட்டிப் பெறும் எண் எம்ஓஎன். ஒரே பெட்ரோலுக்கு எம்ஓஎன் பெரும்பாலும் எட்டு, பத்து எண் குறைவாக வரும். காற்றழுத்தம் இடத்துக்கு இடம் மாறுபடுவதால், ஆர்ஓஎன் சோதனையில் அன்றைய காற்றழுத்தத்தைப் பார்த்து உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். மேட்டு நிலத்து ஆய்வகமும் கடற்கரை ஆய்வகமும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டுமே! உயரம் எரிதலைப் பாதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

நாட்டுக்கு நாடு பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் எண்ணும் இதனால் வேறுபடுகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் ஆர்ஓஎன்னைத்தான் எழுதுகின்றன. இந்தியாவில் சாதாரணப் பெட்ரோலுக்கான பிஎஸ்-6 விதி 91; இலங்கை பங்குகளில் 92-உம் 95-உம்; மலேசியாவில் 95-உம் 97-உம். அமெரிக்காவில் எழுதுவது ஆர்ஓஎன், எம்ஓஎன் இரண்டின் சராசரி. அதனால் அங்கே 87 என்று எழுதியிருப்பது, இங்கே 91 எனப்படும் பெட்ரோலுக்கு ஏறக்குறையச் சமம். அமெரிக்கத் தளங்களைப் படித்துவிட்டு நம் ஊர் பெட்ரோல் உசத்தி என்று எண்ணுவது இந்தக் கணக்கை மறப்பதால் வருகிறது.

ஆக்டேன் என்பது வலிமையின் அளவு அல்ல. ஹெப்டேனுக்கும் ஐசோ-ஆக்டேனுக்கும் ஒரு கிலோவில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. எத்தனாலின் ஆக்டேன் எண் நூறைத் தாண்டும். அதன் ஆற்றலோ லிட்டருக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் கூடிய பெட்ரோல், கூடுதல் நெருக்குதலைத் தாங்கும் இன்ஜினைக் கட்டப் பொறியாளருக்கு இடம் கொடுக்கிறது. அப்படிக் கட்டப்படாத இன்ஜினில் அதை ஊற்றினால், தேவையில்லாத பாதுகாப்புக்குக் காசு கொடுத்ததாகத்தான் ஆகும்.

இனி உயரம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சராசரியாக 1013 மில்லிபார். மேலே போகப் போக அது குறையும். டென்வர் நகரம் ஒரு மைல் உயரத்தில், அதாவது சுமார் 1,609 மீட்டரில் இருக்கிறது; அங்கே அழுத்தம் ஏறத்தாழ 835 மில்லிபார். 2,240 மீட்டரிலுள்ள உதகமண்டலத்தில் 770-ஐ ஒட்டி. லே நகரில் 650-ஐ ஒட்டி. கர்துங் லா கணவாயில், 5,359 மீட்டரில், கடல் மட்டத்து அழுத்தத்தில் பாதியே மிஞ்சும். ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஐந்தில் ஒரு பங்குதான். குறைவது ஒரு லிட்டர் காற்றின் எடை.

டர்போ இல்லாத இன்ஜின் வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பியே சுவாசிக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கு மேல் சிலிண்டருக்குள் காற்று புகாது. எனவே உதகையில் முழு மிதி என்பது, சிலிண்டரைப் பொறுத்தவரை, மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் முக்கால் மிதி போன்றது. அதனால்தான் வண்டி இழுக்க மறுக்கிறது. சக்தி ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு வீதம் குறையும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அதே காரணத்தால்தான் நாக்கிங்கும் விலகுகிறது. உள்ளே புகுந்த காற்று குறைவானால், நெருக்கிய பின் வரும் உச்ச அழுத்தமும் குறைவு. மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொள்ள எடுக்கும் நேரம் நீள்கிறது.

எவ்வளவு நீள்கிறது என்பதைக் கணக்கிடலாம். பிரெஞ்சு பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தின் டௌவோ, எய்ஸா இருவரும் 1978-இல் வெளியிட்ட ஒரு சமன்பாடு இன்றும் இன்ஜின் வடிவமைப்பில் பரவலாகப் பயன்படுகிறது. அழுத்தம், வெப்பம், ஆக்டேன் எண் மூன்றையும் கொடுத்தால், கலவை தானாகப் பற்ற எடுக்கும் காலத்தை அது தரும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது வெளியழுத்தம் சுமார் 21 விழுக்காடு குறைகிறது. மற்றவை எதுவும் மாறாதிருந்தால், அதனால் மட்டுமே அந்தக் காலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. பெட்ரோலை 91-இலிருந்து 95 ஆக்டேனுக்கு மாற்றினால் அதே சமன்பாட்டின்படி கிடைக்கும் கூடுதல் 16 விழுக்காடுதான். காசு கொடுத்து வாங்கும் நான்கு ஆக்டேனைவிட, மலை இலவசமாகக் கொடுப்பது மூன்று மடங்கு.

மலையின் குளிரும் கூடவே உதவுகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறைவதால் உள்ளே போகும் காற்றும் குளிர்ந்திருக்கும். இதற்கு எதிராக வேலை செய்வது வறட்சி. காற்றிலுள்ள நீராவி எரிதலின் வெப்பத்தைச் சற்றுத் தணித்து நாக்கிங்கைக் குறைக்கும். லடாக், கொலராடோ போன்ற வறண்ட உயரங்களில் அந்த உதவி கிடைப்பதில்லை. நீலகிரியின் ஈரக் காற்றில் அந்தக் குறை இல்லை. எப்படியானாலும் அழுத்தக் குறைவின் முன் இது சிறியது.

இந்த இயற்பியலை நம்பித்தான் ராக்கி மலைப் பகுதியில் 85 ஆக்டேன் பெட்ரோல் சாதாரண ரகமாயிற்று. மற்ற மாநிலங்களில் சாதாரணப் பெட்ரோல் 87. கார்புரேட்டர் காலத்து இன்ஜின்களில் ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆக்டேன் வரை தேவை குறைந்ததாக அளவிட்டிருந்தார்கள். அந்த வண்டிகளில் தீப்பொறியின் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகளும் ஸ்பிரிங்கும் வேக்குவம் டயஃப்ரமும் பார்த்துக்கொண்டன. உயரம் கூடியது அவற்றுக்குத் தெரியாது. சமவெளிக்கு வைத்த நேரத்திலேயே மலையிலும் தீப்பொறி விழுந்தது. அதனால் அழுத்தம் குறைந்ததன் சலுகை முழுவதும் ஆக்டேன் தேவையைக் குறைப்பதிலேயே போய்ச் சேர்ந்தது. டென்வரில் 85 போட்ட பழைய கார், கடற்கரையில் 87 போட்ட காரைப் போலவே நாக்கிங் இல்லாமல் ஓடியது. சுத்திகரிப்பு ஆலைக்கும் செலவு மிச்சம்.

கணினி வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. இன்றைய இன்ஜினின் ஈசியு என்ற கணினி, ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று புகுந்தது என்று அளந்தே தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. காற்று குறைந்தால் தீ மெதுவாகப் பரவும். ஆகவே தீப்பொறியை முன்கூட்டியே விடுவதுதான் ஆதாயம். மலையில் ஈசியு அதைத்தான் செய்கிறது. உயரம் கொடுத்த சலுகையை அது சும்மா விடாமல், நேரத்தை முன்தள்ளி, இழந்த சக்தியில் கொஞ்சத்தையும் மைலேஜையும் மீட்டுக்கொள்கிறது. இதன் விளைவாக ஆக்டேன் தேவை குறைவது ஆயிரம் அடிக்கு அரை எண்ணுக்கும் கீழே வந்துவிட்டது. டென்வர் உயரத்துக்கு ஒன்று முதல் இரண்டரை எண் வரைதான். அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான கார்களின் கையேடுகள் 87-ஐக் குறைந்தபட்ச அளவாகச் சொல்கின்றன; 85-க்கு அவை இடம் தருவதில்லை. கார்புரேட்டர் காலத்தின் மரபு, கார்புரேட்டர் போன பின்னும் பங்கில் தங்கிவிட்டது. நுகர்வோர் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு இன்று நல்ல நியாயம் இல்லை.

நாக்கிங் வந்தால் ஈசியுவுக்குத் தெரிவிப்பது நாக் சென்சார். அதன் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இன்ஜின் பிளாக்கில், சிலிண்டர்களுக்கு நடுவே, ஒற்றை போல்ட்டால் இறுக்கிய வட்டமான சிறு பாகம் அது. உள்ளே ஒரு பீசோ பளிங்கு. அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். ஆறாயிரம், ஏழாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வு, தீப்பொறி விழுந்த பின் எதிர்பார்க்கும் அந்தச் சிறு இடைவெளியில் வந்தால், ஈசியு அதை நாக்கிங் என்று அறியும். எந்தச் சிலிண்டரில் வந்ததோ அதற்கு மட்டும் அடுத்த தீப்பொறியைச் சில டிகிரி பின்தள்ளும். பிறகு சிறுகச் சிறுக முன்னே கொண்டுவந்து, மறுபடி சத்தம் கேட்டால் மறுபடி பின்வாங்கும். உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் கொண்டை ஊசி வளைவொன்றில் வண்டி திணறி ஏறும் சில நொடிகளுக்குள் இது பலமுறை நடந்து முடிந்திருக்கும். ஓட்டுபவருக்கு எதுவும் கேட்காது. வண்டி கொஞ்சம் மந்தமாக இருப்பது போல் மட்டும் தோன்றும். ஆக்டேன் குறைந்த பெட்ரோலைப் போட்டதன் விலை இன்று சத்தமாக வெளிப்படுவதில்லை. சக்தியிலும் மைலேஜிலும் கழிகிறது.

போல்ட்டை அளவாக இறுக்காவிட்டால் சென்சார் தவறாகக் கேட்கும் என்பதால், இன்ஜின் வேலை பார்த்தபின் டார்க் ரெஞ்ச் கொண்டே அதை மாட்ட வேண்டும். பல பட்டறைகள் கண்டுகொள்ளாமல் விடுவது இதை.

டர்போ உள்ள இன்ஜினுக்கு மேலே சொன்ன மலைச்சலுகை ஏறக்குறைய கிடையாது. டர்போ வெளிக்காற்றை நெருக்கி, ஈசியு கேட்கும் அழுத்தத்துக்குக் கொண்டுவந்து சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வெளியே அழுத்தம் குறைந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அதை ஈடுசெய்யும். கடல் மட்டத்தில் காற்றை ஒன்றரை மடங்கு நெருக்கினால் கிடைத்த அழுத்தம், உதகையில் கிடைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நெருக்க வேண்டும். அதிகம் நெருக்கிய காற்று அதிகம் சூடாகும். இன்டர்கூலர் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை இறக்கினாலும், சிலிண்டருக்குள் போகும் அழுத்தம் சமவெளியில் இருந்த அளவே. ஆகவே ஆக்டேன் தேவையும் குறையாது. ஒரு லிட்டர் டர்போ இன்ஜினுடன் வரும் சிறிய எஸ்யூவிகள் இந்தியச் சாலைகளில் பெருகிவிட்ட நிலையில் இது முக்கியம். மலை உயரத்தை நம்பி ஆக்டேனில் இறங்கலாம் என்ற பழைய அறிவுரை இவற்றுக்குப் பொருந்தாது.

உயரமும் ஆக்டேனும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டியது கார் அல்ல, போர் விமானம். 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின் சூப்பர்சார்ஜர் பொருத்தியது. அந்தச் சூப்பர்சார்ஜர் மெல்லிய காற்றிலும் போதிய அழுத்தம் தருமாறு அமைக்கப்பட்டதால், தரைக்கு அருகில் அது தரக்கூடிய அழுத்தம் மிக அதிகம். 87 ஆக்டேன் பெட்ரோலில் அதை முழுக்கத் திறந்தால் நாக்கிங் இன்ஜினை உடைத்துவிடும். எனவே காற்றழுத்தத்தின் மீது சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டுக்கு மேல் போகாமல் தானியங்கித் தடுப்பு வைத்திருந்தார்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் வந்ததும் அந்த வரம்பு பன்னிரண்டு பவுண்டாக உயர்ந்தது; சக்தி சுமார் 1,030 குதிரைத்திறனிலிருந்து 1,310 வரை எழுந்தது. ஆனால் இந்த லாபம் முழுவதும் தாழ்வான உயரங்களில்தான். ஏறத்தாழ பதினாறாயிரம் அடிக்கு மேலே காற்று அவ்வளவு மெலிந்துவிடும். சூப்பர்சார்ஜர் முழுக்கத் திறந்தும் பழைய வரம்பையே தாண்டாது. அங்கே 87-உம் 100-உம் ஒன்றே. உயரம் ஆக்டேன் தேவையைக் கரைத்துவிடும் எல்லைக்கோட்டை ஒவ்வொரு விமானியும் தன் அழுத்தமானியிலேயே பார்க்க முடிந்தது. 1930-களில் இந்த 100 ஆக்டேன் பெட்ரோலைத் தயாரிக்க ஷெல் நிறுவனத்தை வற்புறுத்தியவர், அங்கே பணியாற்றிய அமெரிக்க விமானி ஜேம்ஸ் டூலிட்டில்.

இன்றைய இந்தியச் சூழலில் இன்னொரு மாற்றமும் கணக்கில் சேர்கிறது. 2025-இல் நாடு 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. சாதாரணப் பெட்ரோலாகப் பங்கில் வருவது பெரும்பாலும் ஈ20. எத்தனால் கலந்ததால் அதன் ஆர்ஓஎன் 95-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே போகும் கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது எத்தனால். மைலேஜ் குறைவது, பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் கெடுவது என்று அதைப் பற்றிய குறைகள் உண்மையானவை. நாக்கிங்கைப் பொறுத்தவரை மட்டும் அது நன்மையே. 91-க்கென்று வடிவமைத்த, டர்போ இல்லாத கார், ஈ20 நிரப்பிக்கொண்டு உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது, அதன் இன்ஜினுக்கு ஆக்டேன் தேவைக்கு மேலேயே இருக்கிறது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோல், அதற்கேற்ற கம்ப்ரஷனும் டர்போவும் கொண்ட வண்டிகளுக்கானது. கையேட்டில் 95 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால் மலையானாலும் சமவெளியானாலும் அதைப் பின்பற்ற வேண்டும்.

மலையில் வண்டி இழுக்கவில்லையென்றால் ஆக்டேனால் ஒன்றும் ஆகாது. காற்று இல்லாததற்குப் பெட்ரோல் ஈடாகாது. கியரைக் குறைத்து, இன்ஜினைச் சுற்ற விட்டு ஏறுவதே வழி. டீசல் வண்டிக்கோ இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதில் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வதே வேலைமுறை. உயரத்தில் அது சிரமமாவதால் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது ஏற்றத்தில் அல்ல, இறங்கிய பின். அமெரிக்க மலை மாநிலத்தில் 85 நிரப்பிய கார் அன்று மாலையே கான்சஸ் சமவெளியில் ஓடிக்கொண்டிருக்கும். டேங்கில் மலைக்கான பெட்ரோல், வெளியே சமவெளியின் அழுத்தமும் வெயிலும். நாக் சென்சார் உள்ள வண்டி தீப்பொறியைப் பின்தள்ளிச் சமாளிக்கும். அந்த டேங்க் தீரும்வரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காமலும், பாரம் இழுக்காமலும், பாதி காலியானதும் 87-ஐயோ அதற்கு மேலோ நிரப்பியும் ஓட்டினால் சேதமில்லை. இந்தியாவில் மலைக்கென்று குறைந்த ஆக்டேன் பெட்ரோல் விற்பதில்லை என்பதால் இந்தச் சிக்கல் புதிய கார்களுக்கு இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய காரை மலையூரிலேயே வைத்துக்கொண்டு, இழுவைக்காக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியை முன்தள்ளி ஓட்டுகிறவர்களுக்கு உண்டு. அந்த வண்டி கோவைக்கோ மதுரைக்கோ இறங்கி வெயிலில் ஓட வேண்டுமானால், மலையடிவாரத்திலேயே நிறுத்தி டைமிங்கைப் பழைய குறிக்குத் திருப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும்.